பாவு மட்டும் உள்ள துணி

வேட்டைத் துப்பாக்கிக்கு எந்த மரத்தில் கட்டை போடுவது என்ற கேள்வி ஐயம்பேட்டையில் எழ வாய்ப்பே இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், முத்தியால்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டு நெசவு ஊர் அது. அங்கே மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது தறியில்தான் போய் நிற்கும். துப்பாக்கியை அந்த ஊர்க்காரர்கள் பார்ப்பதெல்லாம் நம் எல்லோரையும் போல வங்கி வாசலில்தான். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் காவலரின் மடியில் கிடக்கும் அந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை அடுத்த முறை கொஞ்சம் கவனியுங்கள். கை பிடிக்கும் கழுத்துப் பகுதி வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்து வழவழவென்றிருக்கும். விசைக்கு மேலே இரும்பு முடிந்து மரம் தொடங்கும் இடத்தில், நடுவே, பின்னோக்கி ஒரு மெல்லிய விரிசல் ஓடியிருக்கலாம். வயதான துப்பாக்கிகளில் அடிக்கடி காணக்கூடிய காயம் அது. துப்பாக்கிக் கட்டைக்கு மரம் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் சிக்கல்களில் முக்கால்வாசி அந்த விரிசலுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. அது ஒழிந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் அனுமதி அதிகாரத்தைக் கொடுத்தது; உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது. இதைத் தவிர்த்தால் நம்மிடம் மிச்சமிருப்பவை போட்டிக்குச் சுடுபவர்களின் ரைஃபிள்களும், பாட்டனார் காலத்துத் துப்பாக்கிகளும்தான். ஆனால் ஒரு பொருளை அது செய்ய வேண்டிய வேலைக்கு எப்படிப் பொருத்துவது என்று கற்றுக்கொள்ள, வேட்டை ரைஃபிளின் கட்டையைப் போல நல்ல பாடம் கிடைப்பது அரிது. அதன் மேல் விழும் சுமைகள் எல்லாமே கணக்கில் அடங்குபவை.

கணக்கைப் போட்டுவிடுவோம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், அன்றைய சேலம் மாவட்டத்துப் பெண்ணாகரம், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்தபோது அவர் தோளில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைஃபிள். அதன் குண்டு ஏறத்தாழ 19 கிராம்; குழலைவிட்டு வெளியேறும்போது வேகம் நொடிக்கு 670 மீட்டர். கிராமைக் கிலோவாக்கி இரண்டையும் பெருக்கினால் 13 என்ற உந்தம் வரும். குண்டு முன்னால் கொண்டு போன அந்த உந்தத்தைத் துப்பாக்கி பின்னால் வாங்கியே ஆக வேண்டும். துப்பாக்கியின் எடை 4 கிலோ என்று வைத்தால் அது நொடிக்கு 3 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் தோளை நோக்கி வரும். வெடிமருந்துப் புகையும் தன் பங்குக்குத் தள்ளுவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். இதைத்தான் துப்பாக்கி ‘உதைக்கிறது’ என்கிறோம்.

உதை தோளுக்கு வருவதற்கு முன்னால் மரத்துக்கு வருகிறது. 60 செ.மீ. குழலைக் குண்டு கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 2 மில்லிநொடி. அதற்குள் 13 அலகு உந்தம் உண்டாக வேண்டுமென்றால் சராசரியாக 650 கிலோவுக்கு மேல் எடையுள்ள தள்ளு வேண்டும். இதில் பெரும்பகுதி இரும்பைப் பின்னால் தள்ளுவதிலேயே செலவாகிவிடும். கட்டையின் எடை மொத்தத்தில் கால் பங்கு என்று கொண்டால் மரத்தின் மேல் விழுவதும் கால் பங்குதான்: 160, 170 கிலோ. ஆனால் அது விழும் பரப்பு சில சதுர செ.மீ. மட்டுமே, அதுவும் சுத்தியலடியைப் போலத் திடீரென்று. அந்த இடம் கட்டையின் ஆகச் சன்னமான பகுதியான கழுத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. விரல்கள் சுற்றிப் பிடிக்க வேண்டியிருப்பதால் கழுத்தைத் தடிமனாக்கவும் வழியில்லை.

இப்போது மரத்துக்கு வருவோம். ஐயம்பேட்டைத் தெருவில் காலையில் பாவு நீட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு மரத்தின் உள்ளமைப்பை விளக்குவது எளிது. ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே திசையில், பக்கம் பக்கமாக, இறுக்கமாக ஓடுகின்றன. நீளவாட்டில் இழுத்தால் அசைக்க முடியாது. குறுக்கே பிரிக்க விரலே போதும், ஏனென்றால் குறுக்கே ஓடும் ஊடை இன்னும் பாயவில்லை. மரமும் அப்படித்தான், பாவு மட்டும் உள்ள துணி. செல்லுலோஸ் நார்கள் மரத்தின் உயரவாட்டில் ஓடுகின்றன. அவற்றை ஒட்டிவைப்பது லிக்னின் என்ற பசை. நடுத்தண்டிலிருந்து வெளியே போகும் ஆரக்கதிர்கள் ஓரளவு ஊடையின் வேலையைச் செய்கின்றன, ஆனால் அவை மிகக் குறைவு. அமெரிக்கக் கறுப்பு அக்ரூட் மரத்தை எடுத்துக்கொண்டால், நார்த் திசையில் வளைத்து உடைக்க வேண்டிய தகைவில் இருபதில் ஒரு பங்கு போதும், நாருக்குக் குறுக்கே பிளந்துவிட.

அதனால் கட்டை செதுக்குபவர் பலகையை வாங்கியதும் பார்ப்பது அதன் நிறத்தையோ பூவேலையையோ அல்ல, கழுத்து வரப்போகும் இடத்தில் நார் எப்படி ஓடுகிறது என்பதை. கட்டை நேர்கோடு கிடையாது. குழலை ஒட்டிய முன்பகுதியிலிருந்து கழுத்தில் கீழே இறங்கித் தோளுக்குப் போகிறது. நார் அந்த இறக்கத்தோடு சேர்ந்து இறங்கினால் நல்லது. நேராகப் போய்க் கழுத்தின் மேல்புறம் வெளியேறினால், அங்கே தாங்குவது நார் அல்ல, பசை. நாரின் சாய்வு பத்துக்கு ஒன்று என்றால் வளைவு வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஐந்துக்கு ஒன்று என்றால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அழகான சுழிகளும் கரும்பட்டைகளும் உள்ள அக்ரூட் பலகை பெரும்பாலும் அடிமரத்திலிருந்து, வேர் பிரியும் இடத்திலிருந்து வருகிறது. அங்கேதான் நார் தாறுமாறாக ஓடும். கெட்டிக்காரர்கள் அந்தச் சுழி தோள்பக்கம் வரும்படியும், நேரான நார் கழுத்துக்கு வரும்படியும் பலகையில் அச்சு வரைவார்கள். விலையுயர்ந்த துப்பாக்கி கீழே விழுந்த ஒரே அடியில் கழுத்து முறிந்து போனால், பெரும்பாலும் குற்றம் மரத்தின் மேல் இல்லை, பலகையில் கோடு போட்டவர் மேல்தான்.

காவலரின் துப்பாக்கியில் உள்ள அந்த விரிசல் வேறு வகை. விசைப் பகுதியிலிருந்து இரும்புப் பட்டை ஒன்று பின்னால் நீண்டு கட்டைக்குள் பதிந்திருக்கும். புதிதாகச் செய்யும்போது, அந்தப் பட்டையின் பின்முனைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுவார்கள். உதையைத் தாங்க வேண்டியது அகலமான வேறு முகம். பட்டையின் முனை எதையும் தொடக் கூடாது. ஆண்டுகள் போகப் போக மரம் காய்ந்து சுருங்கும். துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய் கசிந்து இறங்கி, உதை வாங்கும் முகத்தில் உள்ள மரத்தை ஊறவைத்து மென்மையாக்கும். ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு ஒரு துளி பின்னால் நகரும். ஒரு நாள் பட்டையின் முனை மரத்தைத் தொட்டுவிடும். அன்றிலிருந்து அது ஆப்பு. பாவு இழைகளுக்கு நடுவில் ஆப்பு அடித்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது.

ஆக, மரம் வலுவில்லாமல் பிளக்கவில்லை. இருந்த இடத்தில் இருக்காமல் நகர்ந்ததால் பிளந்தது. இந்த நகர்வுக்கு முதல் காரணம் வெடி அல்ல, தண்ணீர்.

வெட்டிக் காயவைத்து மெருகு போட்ட மரமும் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். நாரின் சுவரில் உள்ள செல்லுலோஸ் மூலக்கூறுகள் காற்றிலுள்ள நீராவியைப் பிடித்துவைக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 18 சதவீதம் தண்ணீரோடு சமநிலைக்கு வரும். 45 சதவீதம் என்றால் 8, 9 சதவீதத்துக்கு. காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கோடி, சித்திரை வெயிலில் மறு கோடி. மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி நெசவு நின்றுபோவதும் அந்த வட்டாரத்துக்குப் பழகிய கதைதான். மரம் மெதுவாக மாறும் என்பதால் இரண்டு கோடியையும் முழுதாக எட்டாது. 10 சதவீதத்துக்கும் 16க்கும் நடுவில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நார் நீளவாட்டில் இந்த ஈரத்தால் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. குறுக்கேதான் எல்லாம். கறுப்பு அக்ரூட் மரம் பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையத்தின் வாட்டத்தில் 7.8 சதவீதமும், ஆரத்தின் வாட்டத்தில் 5.5 சதவீதமும் சுருங்குகிறது. அதாவது ஈரம் ஒரு சதவீதம் மாறினால் வளைய வாட்டத்தில் கால் சதவீதத்துக்குச் சற்று மேல். 45 மி.மீ. அகலமுள்ள முன்கட்டையில் 6 சதவீத ஈர மாற்றம் என்றால் 0.7 மி.மீ. அதிகமில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு தாளின் கனம் 0.1 மி.மீ. மேலும் வளைய வாட்டமும் ஆர வாட்டமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால் கட்டை அகலம் மாறுவதோடு நிற்காமல் முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. முறுக்கிக்கொண்ட முன்கட்டை குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். சுடும்போது குழல் அதிர வேண்டும். எல்லா வெடியிலும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். ஒரு பக்கம் மரம் தொட்டுக்கொண்டிருந்தால் அதிர்வு மாறும். மே மாதத்தில் குறி பார்த்துச் சரிசெய்த ரைஃபிள் நவம்பரில் விலகிச் சுடுவது இதனால்தான். வேட்டைக்காரர்கள் இதற்குத் தோட்டாவைத் திட்டுவார்கள்.

வார்னிஷ் அடித்தால் போதாதா என்று கேட்கலாம். எந்தப் பூச்சும் நீராவியை முழுதாக நிறுத்தாது; நுழையும் வேகத்தைத்தான் குறைக்கும். துப்பாக்கிக்காரர்கள் பரம்பரையாகப் போற்றும் ஆளிவிதை எண்ணெய் கண்ணுக்கு அழகு, ஆனால் நீராவியைத் தடுப்பதில் கடைசி வரிசையில் நிற்கிறது. அதைவிடக் கொடுமை, வெளியே பத்துக் கை எண்ணெய் தேய்ப்பவர்கள் உள்ளே இரும்பு உட்காரும் குடைவைப் பச்சையாக விட்டுவிடுவார்கள். நார்கள் வெட்டுப்பட்டு வாய் திறந்திருப்பதே அங்கேதான்.

ஈரம் இருப்பதும் இல்லாததும் மரத்துக்குப் பெரிதல்ல, மாறுவதுதான் பெரிது. இதற்கு ஐயம்பேட்டைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் அத்தி மரத்தாலான திருமேனி. 1979இல் வெளியே எழுந்தருளியவர், மறுபடி 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காட்சி கொடுத்துவிட்டுக் குளத்துக்குள் போனார். அத்தி கனமில்லாத, மென்மையான மரம். வெயிலிலும் மழையிலும் மாறி மாறிக் கிடந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆனால் தண்ணீருக்கடியில் நீடித்து நிற்கும் என்று பேர் வாங்கியது; கிணற்றின் அடிச்சட்டத்துக்கு அதைப் போடும் வழக்கம் இருந்தது. முழுக்க நனைந்த மரத்தில் செல் சுவர் கிட்டத்தட்ட 30 சதவீத ஈரத்தில் நிறைந்துவிடும். அதற்கு மேல் எத்தனை தண்ணீர் ஏறினாலும் மரம் உப்புவதில்லை, சுருங்குவதில்லை, ஆகவே வெடிப்பதும் இல்லை. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். ஆழத்தில் அது கிடைக்காது. நாற்பது ஆண்டு நீருக்குள் வைத்த முன்னோர் இந்தப் பாடத்தைப் படித்திருந்தார்களா என்பது வேறு விஷயம். குளம் அந்த மரத்துக்கு மாறாத பருவம் ஒன்றைக் கொடுத்தது. துப்பாக்கிக் கட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது பெட்டியிலிருந்து பனிக்குப் போகும், பனியிலிருந்து வெயிலுக்கு, வெயிலிலிருந்து அடுப்பங்கரைச் சுவருக்கு.

சரி, ஏன் அக்ரூட்? உலகத்தில் எத்தனையோ மரங்கள் இருக்க, ஐரோப்பியர்கள் முந்நூறு ஆண்டுகளாக இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டது சும்மா இல்லை. எடை நடுத்தரம், கன மீட்டருக்கு 640 கிலோ அளவில். சுருக்கம் மட்டு. அதிர்ச்சியை வாங்கினால் கண்ணாடி போல உடையாமல் நார் பிடித்துக்கொண்டு நிற்கும். உளி எந்தப் பக்கம் போனாலும் சில்லு பெயராமல் வழுக்கிக்கொண்டு போகும் என்பதால், பிடிப்புக்காகச் செதுக்கும் நுண்ணிய கட்டங்களின் முனைகள் கூர்மையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் அதைவிடச் சிறந்த மரம் உண்டு. எல்லாவற்றிலும் தேறும் மரம் அதிகமில்லை.

நம் மரங்களை இந்தத் தேர்வில் உட்காரவைத்துப் பார்ப்பது சுவையான வேலை. 1906இல் தொடங்கிய டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மரங்களின் குணங்களைத் தேக்கோடு ஒப்பிட்டு, தேக்குக்கு 100 என்று வைத்து மதிப்பெண் போட்டது. தேக்குக்கு நிலைத்தன்மையில் முதல் வரிசை. சுருக்கம் ஆர வாட்டத்தில் 2.5 சதவீதம், வளைய வாட்டத்தில் 5.8 சதவீதம்தான். அக்ரூட்டையே தோற்கடிக்கிறது. ஆனால் அதிர்ச்சியைத் தாங்குவதில் அது பின்தங்கிவிடும். சன்னமான கழுத்தில் சட்டென்று பிளக்கும். அதிலுள்ள சிலிக்கா உளியின் முனையைத் தின்றுவிடும், எண்ணெய்ப் பசையால் ஒட்டுப்பசை பிடிக்காது. கதவுக்கு அரசன், கட்டைக்கு ஆகாது. தோதகத்தி அழகும் வலுவும் உள்ளது, ஆனால் கன மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். அதைத் தோளில் சுமந்து மலை ஏறுபவர் பாவம். நாகஸ்வரத்துக்குப் பேர்போன ஆச்சா தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதில் கட்டை செய்தால் உதை கண்டிப்பாகக் குறையும், எடை கூடினால் உதை குறைவது இயற்பியல் விதி. ஆனால் துப்பாக்கியைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.

ஆகவே இந்தியாவிலும் அக்ரூட்தான், இமயமலை அக்ரூட். கொல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரில் 1904இல் தொடங்கிய ரைஃபிள் தொழிற்சாலை இராணுவத்துக்கு .303 ரைஃபிளை ஆயிரமாயிரமாகச் செய்தது. நம் போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் தோளில் தொங்கவிட்டிருந்த அதே ரைஃபிள். இராணுவத் தோட்டா தனியார் கையில் சேரக் கூடாது என்று வெள்ளைக்காரர்கள் தடை போட்டிருந்ததால், குடிமக்களுக்கென்று .315 என்ற வேட்டை ரைஃபிளும் அங்கே உருவானது. இஷாப்பூர் ரைஃபிள்களின் முன்கட்டையில் மேகசினுக்கு முன்னால் பக்கவாட்டில் ஒரு திருகு குறுக்கே பாய்ந்திருக்கும். மற்ற நாட்டு .303 ரைஃபிள்களில் அது இருக்காது. உலகெங்கும் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதற்கு ‘இஷாப்பூர் திருகு’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். கட்டை நீளவாட்டில் பிளக்காமல் இரண்டு கன்னத்தையும் சேர்த்துப் பிடிப்பது அதன் வேலை. வெயிலும் மழையும் மாறி மாறி வாட்டும் நாட்டில், பாவு மட்டும் உள்ள துணிக்கு எஃகில் ஒற்றை ஊடை. இதைவிட மலிவான, புத்திசாலித்தனமான தீர்வை நான் எந்தத் துப்பாக்கியிலும் பார்க்கவில்லை.

அக்ரூட் வளர ஐம்பது, அறுபது ஆண்டு ஆகும். போர் அவ்வளவு காலம் காத்திருக்காது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பீச்சுக்கும் பர்ச்சுக்கும் இறங்கியது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை உள்ளூர்க் கோச்வுட் மரத்தைப் போட்டது. அது மென்மையானது என்பதால் உதை விழும் முகத்தில் செப்புத் தகடு பதித்தது. ஜெர்மனி வேறு வழியில் போனது. 1930களின் பிற்பகுதியிலிருந்தே மெல்லிய பீச் ஏடுகளைப் பிசின் தடவி அடுக்கி, அழுத்தி, ஒரே கட்டையாக்கிவிட்டது. ஏட்டுக்கு ஏடு மரத்தின் குறைகள் மாறி மாறி வருவதால் ஒன்றின் முறுக்கலை இன்னொன்று பிடித்து நிறுத்தும். ஏடுகளுக்கு நடுவிலுள்ள பிசின் ஈரத்துக்குத் தடுப்பு. எடை கொஞ்சம் கூடுதல், அழகு என் கண்ணுக்குக் குறைவு, நிலைத்தன்மை அக்ரூட்டைவிட மேல்.

இதே பாதையில்தான் பாவுக்குள் ஊடையைக் கொண்டு போகும் தறி நாடாவும் போனது. கோர்வைச் சேலைக்குக் கையால் விடும் நாடா மென்மையாகத்தான் ஓடும். விசைத்தறி நாடாவோ நொடிக்குப் பல முறை அடி வாங்கும். சிலாம்பு ஒன்று எழும்பினாலும் பாவு அறுந்துவிடும். ஆலைகள் அதற்கு அமெரிக்காவின் டாக்வுட்டையும், நம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த பெர்சிமன் மரத்தையும் தேடிப் பிடித்தன. பிறகு பிசின் ஏற்றி அழுத்திய ஏட்டு மரத்துக்கு மாறின. கடைசியில் பிளாஸ்டிக். அடிபடும் மரத்துக்கெல்லாம் இதே தலைவிதி போலிருக்கிறது.

துப்பாக்கியில் மரத்தின் ஆட்சி முடிந்தது வியட்நாம் காட்டில். 1966இல் அமெரிக்க மரீன் படை எம்40 என்ற குறிபார்த்துச் சுடும் ரைஃபிளை மரக்கட்டையோடு அனுப்பியது. பருவமழைக் காட்டில் கட்டை உப்பி முறுக்கிக்கொண்டு குழலைத் தொட்டது, குறி அலைந்தது. 1970களில் வந்த அடுத்த வடிவத்துக்கு மெக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடியிழைக் கட்டை. கண்ணாடியிழை என்றால் தொட்டி, படகு எல்லாம் நினைவுக்கு வரும். துப்பாக்கிக் கட்டைக்குப் போவது பெரும்பாலும் நெய்த துணி. கண்ணாடியை உருக்கிச் சன்னமான இழையாக இழுத்து, பாவு ஓட்டி, ஊடை கோத்து, தறியில் நெய்தே எடுக்கிறார்கள். அந்தத் துணியை அச்சுக்குள் ஒரு படி நேராகவும் அடுத்த படி 45 பாகை திருப்பியும் அடுக்கி, எப்பாக்ஸிப் பிசினில் ஊறவைத்து இறுகவிடுகிறார்கள். மரத்துக்கு இல்லாத ஊடை இங்கே நெசவிலேயே வந்துவிடுகிறது. எந்தத் திசையில் சுமை வருகிறதோ அந்தத் திசையில் இழையை வைக்கலாம். கழுத்தில் மட்டும் இரண்டு படி கூடப் போடலாம். கார்பன் இழைத் துணியும் இப்படியே, எடை இன்னும் குறைவு, விலை பல மடங்கு. ஈரத்தில் கட்டை முறுக்கிக்கொள்வது என்ற தொல்லை இவற்றில் நடைமுறையில் ஒழிந்துபோனது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘சிந்தெடிக் ஸ்டாக்’ இது அல்ல. அது அச்சில் ஊற்றிய நைலான். நல்லதாக இருந்தால் கண்ணாடித் துணுக்கு கலந்திருக்கும். 1959இல் ரெமிங்டன் நிறுவனம் நைலான் 66 என்ற சிறு ரைஃபிளைக் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கிய வழி. இதற்குத் தண்ணீர் படாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். நைலானும் தண்ணீர் குடிக்கும்: தூய நைலான் 66 ஊறப்போட்டால் தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளும். மரம் போல ஒரு பக்கமாக முறுக்காது என்பதுதான் அதன் நல்ல குணம். வெயிலில் நின்ற காருக்குள் மலிவான நைலான் முன்கட்டை தளர்ந்து, கையால் அழுத்தினாலே குழலைத் தொடும். கடுங்குளிரோ பிளாஸ்டிக்கை நொறுங்கவைக்கும். மரத்தை விட்டுப் பாலிமருக்கு மாறிய நம் இராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளின் பிளாஸ்டிக் மேகசின் 1999 கார்கில் போரில் விரிசல் விட்டதாகப் புகார் எழுந்ததை அப்போது செய்தி படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலிமர் என்ற ஒரே பேருக்குள் நல்லதும் கெட்டதும் மரங்களைவிட அதிகம். இப்போது திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து வரும் ரைஃபிள்களிலும் பாலிமர்தான். இராணுவத்தில் மரம் திரும்பி வரப்போவதில்லை.

அலுமினியம் வேறு கதை. ஈரம் அதைத் தொடாது, வெப்பம் தொடும்: ஒரு பாகை சூட்டுக்கு எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். குளிரூட்டிய அரங்கில் சுடுபவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனைப் போன்றவர்கள் போட்டியிடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில், மேல்மட்டத்தில் பெரும்பாலும் அலுமினியக் கட்டைகள்தான். கன்னம், தோள், உள்ளங்கை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மி.மீ. கணக்கில் நகர்த்திக்கொள்ளலாம். பனியில் விறைத்த கையோடு மலையேறுபவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் மரத்தின் அருமை தெரியும்.

புதிதாக ஒருவர் என்னிடம் கேட்டால், மழை நாட்டில் பயன்படுத்தப்போகும் ரைஃபிளுக்குத் துணி அடுக்கிய கண்ணாடியிழையைச் சொல்வேன். பணம் போதாவிட்டால் ஏட்டு மரம். மலிவு நைலானுக்கு மூன்றாவது இடம்கூட இல்லை, அதைவிட நன்றாகப் பக்குவப்பட்ட சாதாரண அக்ரூட் மேல். பக்குவம் என்பது ஒரு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் காயவிடுவது என்ற பழைய கணக்கு; இரண்டரை அங்குலப் பலகைக்கு இரண்டரை ஆண்டு. காஷ்மீரில் அக்ரூட் மரத்தை 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி வெட்ட முடியாது என்பதால் நல்ல பலகை இனி மலிவாகக் கிடைக்கப்போவதும் இல்லை.

ஏற்கெனவே உரிமத்தோடு வீட்டில் பழைய அக்ரூட் கட்டை வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரும்பைக் கழற்றி, உள்குடைவில் வெட்டுப்பட்ட நார் முனைகளில் மெல்லிய எப்பாக்ஸி ஒரு கை பூசலாம். பின்பட்டையின் முனைக்குப் பின்னால் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆசாரி ஒருவர் உளியால் ஒரு சீவு சீவினால் போதும், விரிசல் விழுவதற்கு முன்னால். குழல் மரத்தைத் தொடாமல் மிதக்கும்படி செய்த ரைஃபிள் என்றால், கார்த்திகையில் ஒரு தடவையும் சித்திரையில் ஒரு தடவையும் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து நுனியிலிருந்து பின்னால் இழுத்துப் பார்க்கலாம். எங்கே மாட்டுகிறதோ அங்கே பென்சிலால் குறித்து உப்புத்தாள் போட வேண்டும். இரண்டு பருவத்திலும் தடையில்லாமல் ஓடினால் அந்தக் கட்டையே இருக்கட்டும்.